சேர்ந்து கட்டுவதற்கு எது தடை?
தோட்ட வீடமைப்பிலிருந்து ஒரு படிப்பினை

பல வருடங்களுக்கு முன் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பன்னிரண்டு வீடுகளைக் கட்டும் வேலையில் நானும் பங்கெடுத்தேன். அத்திவாரத்துக்குக் கயிறு பிடித்த அன்று, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார். “சாமி, ஐப்பசி மழையில இந்த மேட்டுலருந்து ஊத்து வரும். மேல ஒரு கானை வெட்டிட்டு அப்புறமா கட்டச் சொல்லுங்க” என்றார். நான் அதை மேற்பார்வையிட்ட உத்தியோகத்தரிடம் சொன்னேன். வரைபடத்தில் கான் இல்லை என்றும், வரைபடத்தை மாற்றுவதற்குத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும் அவர் பதில் சொன்னார். கொந்தராத்துக்காரரிடம் சொன்னேன். அளவுப் பட்டியலில் இல்லாத வேலையைச் செய்தால் தம் கையிலிருந்துதான் காசு போகும் என்றார். நிதி தந்த நிறுவனத்துக்கோ திறப்பு விழாத் திகதி ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவித்தவன் நான்.

இரண்டாவது மழைக்காலத்தில் நான்கு வீடுகளின் பின்சுவர் வெடித்தது. உயிர்ச் சேதம் இல்லை, இறைவனுக்கு நன்றி. பின்னர் விசாரித்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. ஊற்று வரும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். மண் வெட்டிய முதல் நாளே மேசன் பாஸுக்கும் தெரிந்துவிட்டது. உத்தியோகத்தருக்கும் சந்தேகம் இருந்தது. தோட்ட அலுவலகத்தின் பழைய வரைபடமொன்றில் அந்த நீரோட்டம் கோடிடப்பட்டே இருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒன்றை யாரும் செய்யவில்லை. காரணம், தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் ஒருநாளும் அமரவில்லை.

இந்தக் கட்டுரை அந்த மேசையைப் பற்றியது. கட்டட வேலையில் சம்பந்தப்பட்ட அனைவரும் ஆரம்பத்திலிருந்தே கூடித் திட்டமிட்டு, கூடிக் கட்டி, நட்டத்தையும் இலாபத்தையும் கூடிப் பகிர்ந்துகொள்ளும் முறையொன்று உலகில் வளர்ந்திருக்கின்றது. அது என்ன, அது நமது ஊவாத் தோட்டங்களில் வேரூன்றுவதற்கு எவை தடையாக நிற்கின்றன, அத்தடைகளில் எவற்றை நம்மால் அகற்ற முடியும் என்பவற்றைச் சிந்திப்போம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவுகளால் துயருற்றது. இனிக் கட்டப்படப் போகும் வீடுகள் பல. ஆகவே இச்சிந்தனையைத் தள்ளிப்போட முடியாது.

1. கூட்டுமுறைக் கட்டுமானம் என்றால் என்ன?

வழக்கமான முறை நாம் அறிந்ததே. வேலைக்கு உரியவர் ஒருவர். வரைபவர் இன்னொருவர். வரைபடம் முடிந்த பின் கேள்விப்பத்திரம் கோரப்படும். குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை போகும். அவர் கட்டுவார், மற்றவர்கள் மேற்பார்வை செய்வார்கள். பிழை வந்தால் யாருடைய பிழை என்று தேடுவார்கள். இம்முறையில் ஒவ்வொருவரும் தம்மைக் காத்துக்கொள்வதற்காகக் கடிதம் எழுதிக் கோவையில் போட்டு வைப்பார்கள். கோவை தடிக்கும், சுவர் வெடிக்கும்.

இதன் தீங்கைச் செல்வந்த நாடுகளே முதலில் உணர்ந்தன. பிரித்தானியாவில் 1994இல் சேர் மைக்கல் லேதம் வெளியிட்ட அறிக்கை, கட்டுமானத் துறையில் நிலவிய பகைமையையும் வழக்காடலையும் சுட்டிக்காட்டி, அனைவரும் ஒரு குழுவாக இயங்க வேண்டுமென்று கேட்டது. 1998இல் சேர் ஜோன் ஈகனின் அறிக்கை அதை மேலும் வலியுறுத்தியது. வட கடலில் ஆண்ட்ரூ என்னும் எண்ணெய் வயலை அமைத்தபோது, பி. பி. கம்பனியும் ஒப்பந்தக்காரர்களும் ஒரு கூட்டணியாக இணைந்தார்கள். ஓர் இலக்குச் செலவை எல்லோரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். அதற்குக் குறைவாக முடிந்தால் மிச்சத்தில் எல்லோருக்கும் பங்கு, கூடினால் நட்டத்திலும் எல்லோருக்கும் பங்கு என்பது உடன்பாடு. எதிர்பார்த்ததைவிடக் குறைந்த செலவில், குறித்த காலத்துக்கு முன்னதாகவே 1996இல் அங்கிருந்து எண்ணெய் வந்தது. பின்னர் ஆஸ்திரேலியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் இம்முறை வெவ்வேறு பெயர்களில் பரவியது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் நிறுவகம் 2007இல் இதற்கென ஒரு வழிகாட்டியையே வெளியிட்டது.

பெயர்கள் பலவாயினும் அடிப்படைகள் ஐந்துதான்:

அ) கட்டுபவரும் பாவிப்பவரும் வரைபட நிலையிலேயே உள்ளே வருதல்.
ஆ) பொதுவான ஓர் இலக்கை எல்லோரும் ஏற்றுக்கொள்ளுதல்.
இ) கணக்கு எல்லோருக்கும் திறந்திருத்தல்.
ஈ) ஆபத்தையும் ஆதாயத்தையும் பகிர்ந்துகொள்ளுதல்.
உ) பிழை வந்தால் ஆளைத் தேடுவதற்கு முன் வழியைத் தேடுதல்.

2. இது நமக்குப் புதிதா?

இல்லை. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் மரணாதார சங்கம் எப்படி இயங்குகின்றது என்று பாருங்கள். பந்தலுக்கு ஒருவர், பெட்டிக்கு ஒருவர், குழி வெட்ட நால்வர். யாரும் கேள்விப்பத்திரம் கோருவதில்லை. கணக்கு எட்டாம் நாள் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும்.

நாட்டளவிலும் நமக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின்போது, தேசிய வீடமைப்பு அதிகாரசபை கொழும்பின் குடிசைப் பகுதிகளில் சமூக ஒப்பந்தம் என்னும் முறையை வளர்த்தது. கிணறு, குழாய், கான், நடைபாதை போன்ற பொது வேலைகளை வெளியார் ஒருவருக்குக் கொடுக்காமல், அங்கு வாழும் மக்களின் சமூக அபிவிருத்திச் சபையுடனேயே அதிகாரசபை ஒப்பந்தம் செய்தது. மக்களே திட்டமிட்டார்கள், மக்களே கட்டினார்கள், இலாபம் சபையின் நிதிக்குச் சேர்ந்தது. தாம் பாவிக்கப் போகும் கிணற்றைத் தாமே கட்டும்போது சீமெந்தைக் குறைத்துப் போட யாருக்கும் மனம் வராது என்பதே இதன் எளிய இரகசியம். ஐக்கிய நாடுகள் குடியிருப்பு நிறுவனம் இம்முறையை இலங்கையிலிருந்து வேறு பல நாடுகளுக்கும் கொண்டு சென்றது. உலகுக்கு நாம் கற்றுக்கொடுத்த பாடத்தை நமது லயங்களுக்குக் கொண்டுவர நம்மால் முடியாமற் போனது ஏன்? இதுவே நமது கேள்வி.

3. தடைகள்

முதலாம் தடை: காணி யாருடையது?

கூட்டுமுறையில் மேசையின் தலைப்பக்கத்தில் அமர வேண்டியவர் வீட்டுக்குரியவர். தோட்டத்தில் வீட்டுக்குரியவர் யார்? 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டு, பின்னர் நீண்டகாலக் குத்தகையாக்கப்பட்டது. நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, குடியிருப்பு தொழிலாளிக்கு. 7 பேர்ச் காணி ஒதுக்கப்பட்ட பின்பும் உறுதி கைக்கு வராமல் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த குடும்பங்கள் பல. கடன் பெற்றுத் தன் உழைப்பால் வீட்டைக் கட்டி, செக்ரோலில் மாதந்தோறும் வெட்டிக் கடனை அடைத்த பின்பும் காகிதம் இல்லாதிருந்தவர்களை நான் அறிவேன்.

ஓர் ஒப்பீடு இதைத் தெளிவாக்கும். இந்திய அரசின் 50,000 வீடுகள் திட்டத்தில், 2012 முதல் வடக்கு கிழக்கில் கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றை உரியவர்களே முன்னின்று கட்டினார்கள். ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, வேலை நகர நகரக் கட்டங்கட்டமாக அவர்களின் வங்கிக் கணக்குக்கு வந்தது. மேசனை அவர்களே தெரிந்தார்கள், கதவை அவர்களே பேரம் பேசி வாங்கினார்கள். அதே திட்டத்தின் 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு வந்தபோது, முதலில் காணியை விடுவிக்கவே நீண்ட பேச்சு தேவைப்பட்டது. 2016இல்தான் அந்தக் கட்டம் தொடங்க முடிந்தது. காணி இல்லாதவருக்குத் தீர்மானத்திலும் பங்கு இல்லை. அவர் பயனாளி என்று அழைக்கப்படுகிறார். வீட்டுக்குரியவர் என்று அழைக்கப்படுவதில்லை.

நிலைமை அசையவில்லை என்று சொல்ல மாட்டேன். 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகள் தொடர்பாக, 2025 ஒக்டோபரில் நமது பண்டாரவளையிலேயே ஏறத்தாழ 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. ஆயினும் அறிவிப்புக்கும் அந்த நாளுக்கும் இடையே எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டதை மறக்கலாகாது.

இரண்டாம் தடை: கதிரைகள் பல, தலைவர் இல்லை

ஒரு தோட்ட வீட்டுக்கு எத்தனை பேரின் சம்மதம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். காணிக்குக் கம்பனியும் அரசும். நிலத்தின் உறுதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். கட்டட அனுமதிக்குப் பிரதேச சபை. நிதிக்கு அமைச்சு அல்லது வெளிநாட்டு உதவி. நிறைவேற்ற, மக்கள் ‘ட்ரஸ்ட்’ என்று அழைக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அல்லது வேறொரு நிறுவனம். பாதைக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், தண்ணீருக்கு இன்னொருவர். ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்தாலும் இடைவெளியில் விழுவது பொது வேலைதான். சுவருக்கு உரியவர் உண்டு, கூரைக்கு உரியவர் உண்டு. மேட்டுக் கானுக்கு உரியவர் இல்லை. மலைச்சரிவில் வீட்டைக் காப்பது அந்தக் கான்தான்.

பிரதேச சபைகளின் நிலையும் இங்கு நினைக்கத்தக்கது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாகப் பழகாத ஒரு சபைக்கும் தோட்டத்துக்கும் இடையே உறவு ஓரிரவில் வராது.

மூன்றாம் தடை: குறைந்த விலை என்னும் ஒரே அளவுகோல்

பொதுப்பணத்தைக் காப்பதற்காகவே குறைந்த கேள்வியைத் தெரிவு செய்யும் வழக்கம் வந்தது. அதன் நோக்கம் நல்லது. ஆனால் விளைவு என்ன? கட்டுபவர் விலையைக் குறைத்து வேலையை எடுத்து, மாற்று வேலைகளிலும் சீமெந்திலும் அதை மீட்கப் பார்ப்பார். மேலும், பதிவும் தரமும் உள்ள ஒப்பந்தக்காரரே கேள்வி போடலாம். அவர் பதுளையிலோ கொழும்பிலோ இருப்பார். அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார், அவர் நமது ஊர் பாஸுக்கு உப கொந்தராத்தாகக் கொடுப்பார். இரண்டு கை மாறிய பின் கல்லை அடுக்குபவருக்குக் கிடைப்பது கூலி மட்டுமே. மண்ணை அறிந்தவர் அவர்தான். ஆனால் ஒப்பந்தத்தில் அவர் பெயரே இல்லை.

நல்ல உத்தியோகத்தர்கள் பலர் இதை அறிவார்கள். எனினும் கணக்காய்வு என்ற பயம் அவர்களைக் கட்டிப்போடுகின்றது. குறைந்த விலையைத் தெரிந்து வீடு வெடித்தால் அவரிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. சற்றுக் கூடிய விலைக்கு நல்லவரைத் தெரிந்தால் விளக்கம் கேட்பார்கள். தண்டனை எங்கே இருக்கின்றதோ அதற்கு எதிர்ப்பக்கமே மனிதன் நடப்பான். சமூக அமைப்புகளிடம் சிறு வேலைகளை நேரடியாக ஒப்படைப்பதற்கு அரசின் பெறுகை வழிகாட்டல்களில் இடம் இருந்தும், அந்தக் கதவு அதிகம் திறக்கப்படாமைக்கு இப்பயமும் ஒரு காரணம்.

நான்காம் தடை: ஆபத்தை அடுத்தவர் தலையில் கட்டுதல்

மண்ணின் ஆபத்து, மழையின் ஆபத்து, விலையேற்றத்தின் ஆபத்து ஆகிய மூன்றையும் ஒப்பந்தம் யாரிடம் கொடுக்கின்றது? பெரும்பாலும் பலம் குறைந்தவரிடமே கொடுக்கின்றது. 2021 நடுப்பகுதியில் ஏறத்தாழ 1,000 ரூபாவாக இருந்த 50 கிலோ சீமெந்துப் பை, 2022இன் நெருக்கடியில் 3,000 ரூபா அளவுக்கு ஏறியது. நிலையான விலைக்கு வேலை எடுத்த சிறிய கொந்தராத்துக்காரர்கள் என்ன செய்வார்கள்? சிலர் வேலையை விட்டுப் போனார்கள், சிலர் கடனில் விழுந்தார்கள். கூரை போடாத சுவர்கள் மழையில் நின்றன. ஆபத்தை ஒருவர் தலையில் கட்டினால் அது மறைந்துவிடுவதில்லை. அவர் விழும்போது எல்லோர் மேலும் விழுகின்றது.

ஐந்தாம் தடை: காசின் நாட்காட்டியும் மழையின் நாட்காட்டியும்

அரசின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகின்றது. செலவிடாத ஒதுக்கீடு திரும்பிவிடும். நிதி தாமதமாக வந்து, ஆண்டு முடிவதற்குள் வேலை முடிய வேண்டுமென்ற அவசரம் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் உச்சம் பெறுகின்றது. பதுளையின் கடும் மழைக்காலமும் அதுவே. பருவ இடைமழையும் வடகீழ்ப் பருவக்காற்றும் நமது சரிவுகளை நனைக்கும் நேரத்தில் நாம் மலையை வெட்டுகின்றோம். கூடிப் பேச நேரமில்லை என்பதும் இங்கிருந்தே பிறக்கின்றது. நாங்கள் தேவாலய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. வெளிநாட்டு நிதியின் அறிக்கைத் திகதியை நானும் மழையைவிடப் பெரிதாகக் கருதினேன் என்பதைத் தொடக்கத்திலேயே சொன்னேன்.

ஆறாம் தடை: பயமும் மொழியும்

தொழிலாளி துரைக்கு முன்னால் இருந்து பேசப் பழகவில்லை, நின்றே பழகினார். வரைபடமும் அளவுப் பட்டியலும் ஆங்கிலத்தில். உத்தியோகத்தர் பேசுவது சிங்களத்தில். கூட்டம் வைப்பது காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் மலையில் நிற்கும் பெண் கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் பெயர் போய்விடும். ஆகவே வருபவர்கள் தலைவர்மார், ஆண்கள். அடுப்படி எங்கே வேண்டும், குழந்தையை எங்கே குளிப்பாட்டுவது, ஊற்று எங்கே வரும் என்று அறிந்தவர்கள் வருவதில்லை. பங்கேற்பு என்று அறிக்கையில் எழுதுகின்றோம். கையொப்பம் வாங்கியதைத்தான் பங்கேற்பு என்கின்றோம்.

ஏழாம் தடை: நம்பிக்கையின்மை

இது தொழிற்சங்கம், கட்சி, சாதி, ஆலயம் என்று பல வேடங்களில் வரும். எங்கள் ஆளுக்கு வேலை, எங்கள் ஆளுக்கு வீடு என்ற கணக்குத் தொடங்கிய இடத்தில் திறந்த கணக்குக்கு இடமிருப்பதில்லை. இதை யாரும் வெளியிலிருந்து நமக்குள் போடவில்லை. பலமுறை ஏமாந்த மக்கள் அடுத்த வாக்குறுதியையும் சந்தேகிப்பது நியாயமே. நம்பிக்கை வேண்டுமென்று போதித்தால் நம்பிக்கை வராது. கணக்கைக் காட்டினால் வரும்.

4. மீரியபெத்தை கற்பித்தது

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அந்த இடம் ஆபத்தானது என்பது அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது, எச்சரிக்கையும் விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் எங்கே போவது, யார் காணி தருவது, யார் கட்டுவது என்பவற்றுக்கு ஒரே இடத்தில் விடை சொல்ல யாரும் இருக்கவில்லை. அறிவு ஓர் அலுவலகத்தில், காணி இன்னொன்றில், காசு வேறொன்றில், உயிர் லயத்தில். தப்பிய குடும்பங்கள் மாக்கந்தைப் பக்கம் மாக்கல்தெனியவின் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் நீண்ட காலம் தங்கியிருந்து, இரண்டு ஆண்டுகளின் பின் 2016 ஒக்டோபரில் 75 புதிய வீடுகளைப் பெற்றன.

பேரழிவின் பின் எல்லோரும் ஒரே மேசைக்கு வந்தார்கள், வீடுகளும் எழுந்தன. அப்படியானால் முடியாது என்பதல்ல உண்மை. முன்கூட்டி வருவதற்கு நமக்கு ஒரு சாவு தேவைப்பட்டது என்பதே உண்மை. இதைச் சொல்ல மனம் கனக்கின்றது.

5. ஓர் எச்சரிக்கை

கூட்டுமுறை எல்லா நோய்க்கும் மருந்தல்ல. ஒரு மலசலகூடம் கட்டப் பத்துக் கூட்டம் வைப்பது வீண். கூட்டத்துக்கும் நேரமும் காசும் செலவாகும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. உத்தியோகத்தரும் கொந்தராத்துக்காரரும் மாத்திரம் கூடி, கணக்கு மூடியிருந்தால் அதற்குப் பெயர் கூட்டுமுறை அல்ல, கூட்டுச் சதி. ஆகவே திறந்த கணக்கு இல்லாத இடத்தில் குறைந்த விலைக் கேள்விப்பத்திரமே பாதுகாப்பானது என்று நான் சொல்வேன். சிரமதானம் என்ற பெயரில் ஏழையின் உழைப்பை இலவசமாக வாங்கி, தீர்மானத்தை மட்டும் நாம் வைத்துக்கொள்வதும் கூட்டுமுறை ஆகாது.

6. நம்மால் தொடங்கக் கூடியவை

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லாவிடினும் பின்வருவனவற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

1) வரைபடம் வரைவதற்கு முன் காணியை மழையில் நடந்து பார்த்தல். உத்தியோகத்தர், பாஸ், தோட்ட முகாமையாளரின் பிரதிநிதி, முதிய பெண்கள் இருவர் கட்டாயம் உடன் வரவேண்டும்.

2) ஆராய்ச்சி நிறுவனத்தின் நில அறிக்கையைத் தமிழில் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டுதல்.

3) கான், தடுப்புச்சுவர், பாதை ஆகிய பொது வேலைகளை முதலில் செய்தல். முடியுமானால் அவற்றை வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ வேறு பதிவு பெற்ற சங்கத்துக்கோ சமூக ஒப்பந்தமாகக் கேட்டுப் பெறுதல்.

4) எதிர்பாராத செலவுக்கென ஒரு தொகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, அதைத் தொடுவதானால் எல்லாத் தரப்பும் சம்மதிக்க வேண்டும் என்று எழுதிவைத்தல். அந்த மூதாட்டி கேட்ட கானை வெட்ட நமக்கு இல்லாமற் போனது இந்தத் தொகைதான்.

5) வந்த காசு, போன காசு, வந்த சீமெந்து, மீந்த சீமெந்து என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பிள்ளைக் காம்பராவின் சுவரில் வாரந்தோறும் ஒட்டுதல்.

6) கூட்டத்தை மாலை வேளையில், கொழுந்து நிறுத்த பின் வைத்தல்.

7) திறப்பு விழாவை முதல் மழைக்காலம் கழிந்த பின் வைத்தல். நிதி தரும் நண்பர்களுக்கு இதை விளக்கி எழுதினால் அவர்கள் புரிந்துகொள்வார்கள். நான் எழுதிப் பார்த்தேன், புரிந்துகொண்டார்கள். முதலிலேயே எழுதியிருக்கலாம்.

7. மறைநூலின் ஒளியில்

நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் வாசிக்காமல் தாண்டிவிடுகின்றோம். வெறும் பெயர்ப் பட்டியல் என்று நினைக்கின்றோம். ஆனால் அது ஒரு கட்டட வேலையின் பதிவு. எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டியவர்கள் யார் யார், எந்தப் பகுதியை யார் கட்டினார்கள் என்று அங்கே எழுதப்பட்டிருக்கின்றது. தலைமைக் குரு முதல் வாசலைக் கட்டுகிறார். பொற்கொல்லரும் நறுமணப் பொருள் செய்வோரும் கட்டுகிறார்கள். சல்லூம் என்பவர் தம் புதல்வியரோடு கட்டுகிறார். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைக் கட்டுகிறார்கள். தம் வீட்டு வாசலில் யார்தான் அரைகுறையாகக் கட்டுவார்? வேலைக்குத் தோள் கொடுக்காத தெக்கோவா மேன்மக்களையும் அந்தப் பதிவு மறைக்கவில்லை. திறந்த கணக்கு என்பது இதுதான்.

திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில், சிறிய குழு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்புப் பறித்துக்கொள்ளலாகாது என்ற நெறியைத் திருச்சபைக்குத் தந்தார். பெரிய அமைப்பு துணை நிற்க வேண்டும், இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. இந்நெறி அரசுக்கு மட்டுமல்ல, கம்பனிக்கும், சங்கத்துக்கும், பங்குத்தந்தைக்கும் பொருந்தும்.

வெடித்த அந்த நான்கு வீடுகளையும் பிற்பாடு திருத்தினோம். மேட்டில் கானும் வெட்டினோம். எங்கே வெட்டுவது என்று தடியால் கோடு கீறிக் காட்டியவர் அதே அம்மா. அந்தக் கான் இன்றும் தண்ணீரை விலக்கி அனுப்புகின்றது. அவர் முதல் நாள் சொன்னபோது வெட்டியிருந்தால் நான்கு குடும்பங்கள் ஒரு மழைக்காலம் முழுவதும் உறக்கமின்றி விழித்திருந்திருக்க வேண்டியதில்லை.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. உங்கள் தோட்டத்தில் கடைசியாகக் கட்டப்பட்ட பொதுக் கட்டடம் எது? அதைப் பற்றிய தீர்மானங்களை யார் எடுத்தார்கள்? பெண்கள் எத்தனை பேர் அதில் இருந்தார்கள்?

2. மேலே கூறிய ஏழு தடைகளில் உங்கள் இடத்தில் வலிமையானது எது? அதை நாமே வளர்த்துவிட்டோமா?

3. உங்கள் வீட்டு வரிசைக்கு மேலுள்ள கானை இப்போது யார் துப்புரவு செய்கிறார்கள்? வரும் ஐப்பசி மழைக்கு முன் அதற்கு ஒரு பொறுப்பாளரை இக்கூட்டத்திலேயே தெரிவு செய்யுங்கள்.

4. மரணாதார சங்கத்தில் நமக்குள்ள நம்பிக்கை வீடமைப்புச் சங்கத்தில் ஏன் இல்லை? ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லக்கூடிய பழக்கங்கள் எவை?